போய்ச் சேர்ந்ததாகத் தெரிகிறது

பிப்ரவரி 12
தபாலில்

அன்புள்ள ஆப்பரேட்டருக்கு,

பொருள்: மின்னஞ்சல் வெளியே போகாமை.

பொருள் என்று போடாமல் எனக்குக் கடிதம் தொடங்க வருவதில்லை. குடிநீர் வாரியத்தில் வாழ்நாளெல்லாம் வரைவு எழுதிய கை. பொறுத்துக்கொள்.

நீ மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பிறகு அனுப்பியவையும் வந்தன. ஆக, வருவதெல்லாம் வருகிறது. நான் எழுதுவதுதான் போகமாட்டேன் என்கிறது. நீ சொல்லிக்கொடுத்தபடி எழுதி முடித்து y அழுத்தினால் திரையின் அடியில் ஒரு வரி வருகிறது. அதைப் பார்த்து எழுதியிருக்கிறேன்:

Error sending message, child exited 78

பிள்ளை ஒன்று வெளியேறிவிட்டதாகச் சொல்கிறது. எழுபத்தெட்டு அதன் வயதாக இருக்க முடியாது. எனக்கே எழுபத்தாறுதான்.

தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். நீ ஊருக்குப் போன மறுநாள், உன் அமைப்புக் கோப்புகளை நான் ஏதாவது கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் பென்டிரைவில் பிரதி எடுத்தேன். பிரதி சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூலத்தை நீக்கிவிட்டு, பிரதியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்துதான் இந்த எழுபத்தெட்டு.

கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரரை அழைத்துக் காட்டினேன். திரையைப் பார்த்துவிட்டு, “என்ன சார், வெறும் எழுத்தாவே இருக்கு? படம், பொத்தான் ஒண்ணும் வராதா?” என்றார். என் கண்ணுக்குக் கறுப்பில் வெள்ளையாக, கட்டை எழுத்தாக, ஒன்றும் அசையாமல் இருந்தால்தான் படிக்க முடிகிறது, அதற்காக என் மனைவி அமைத்துக் கொடுத்தது என்றேன். “அப்ப அவங்களையே கேட்டுக்குங்க” என்று படியிறங்கிவிட்டார்.

போனில் கேட்கலாம் என்றால் உனக்குக் காது கேட்காது. செய்தி தட்டி அனுப்பலாம் என்றால் என் பொத்தான் போனில் தமிழ் வராது. அதனால் இந்தத் தபால்.

பேருந்து நிலையத்தில் நீ கேட்ட கேள்வியை மறக்கவில்லை. அது தனிக் கடிதத்துக்கு உரிய பொருள். இதில் கலக்க வேண்டாம் என்று நினைத்தேன். நான் நினைத்தது தவறாகவும் இருக்கலாம்.

இப்படிக்கு,
நான்


பிப்ரவரி 17
பொருள்: 78

வரைவு அலுவலர் அவர்களுக்கு,

உங்கள் தபால் இன்று காலை கிடைத்தது. உறையைப் பார்த்ததும் மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இந்த வீட்டுக்குக் கையால் எழுதிய கடிதம் வந்தே பல வருடம் ஆகிறதாம். யாரோ போய்விட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

எழுபத்தெட்டு என்றால் அமைப்பில் கோளாறு. நீங்கள் எழுதுகிற நிரல் தானாகக் கடிதத்தைக் கொண்டுபோவதில்லை. இன்னொரு சின்ன நிரலைக் கூப்பிட்டு, கொண்டுபோய்க் கொடு என்று அனுப்பும். அதுதான் அந்தப் பிள்ளை. அது வாசலிலேயே நின்றுவிட்டது. காரணம், கடிதம் அனுப்புவதற்கான உங்கள் கடவுச்சொல் இருக்கிற கோப்பு யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து கிடக்கிறது. நான் பூட்டித்தான் வைத்திருந்தேன். பென்டிரைவுக்குப் போய்த் திரும்பியதில் பூட்டு கழன்றுவிட்டது. எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தீர்கள், சரி. பூட்டு எழுத்தில் இருக்காது.

அந்தச் சின்ன நிரல் கறார். ‘ஊரே படிக்கிற இடத்துல கடவுச்சொல்லை வெச்சுட்டு என்னைப் போகச் சொல்றியா?’ என்று கேட்கிறது. எனக்கு அதைப் பிடிக்கும்.

நிரலை மூடிவிட்டு, வெறும் கறுப்புத் திரையில் இதைத் தட்டுங்கள்:

chmod 600 .msmtprc

அந்த முதல் புள்ளி முக்கியம். தூசி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தட்டிய பிறகு திரை ஒன்றும் சொல்லாது. சொல்லாவிட்டால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு இடத்தில் மௌனத்தை நல்ல பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

வேறு இடத்தில் எடுத்துக்கொள்ள மாட்டேன். பேருந்து ஏறும் முன் உங்களைக் கேட்டேன், அறுவை சிகிச்சை செய்துகொள்ளட்டுமா என்று. நீங்கள் சிலேட்டை எடுத்து ‘உன் விருப்பம்’ என்று எழுதிக் காட்டினீர்கள். அழகான கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இங்கே காது டாக்டரைப் பார்த்துவிட்டேன். உள்ளே கருவி வைத்தால் பேச்சு புரியும் என்கிறார். முதலில் இயந்திரம் பேசுவது போல இருக்குமாம், போகப்போகப் பழகிவிடுமாம். ஆனால் இடது காதில் மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்சமும் அதோடு போய்விடலாம். அந்த மிச்சத்தில் எனக்கு இப்போது இரண்டு சத்தம்தான் கேட்கிறது. ஒன்று லாரி. இன்னொன்று, நீங்கள் காதோடு வைத்துப் பேசினால் உங்கள் குரல். சொல் புரியாது. குரல் மட்டும் வரும்.

மாதக் கடைசிக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். என் விருப்பம் எனக்குத் தெரியும். நான் கேட்டது உங்களுடையதை. மகளுக்குப் போன் செய்து அவள் வழியாகச் சொல்லாதீர்கள். இத்தனை காலம் நீங்கள் எழுதியதில் எல்லாம் வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். இதில் மட்டுமாவது நீங்களே.


பிப்ரவரி 18
பொருள்: சோதனைக் கடிதம் (பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்கவும்)

அன்புள்ள ஆப்பரேட்டருக்கு,

புள்ளியோடு தட்டினேன். திரை ஒன்றும் சொல்லவில்லை. நீ முன்கூட்டியே சொல்லியிருந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். பிறகு அனுப்பியபோது எழுபத்தெட்டு வரவில்லை.

நான் கைக்கொள்ளும் முறையை உன்னிடம் சொல்லிவிடுவது நல்லது. எதையும் உனக்கு அனுப்பும் முன் எனக்கே ஒருமுறை அனுப்பிப் பார்க்கிறேன். எழுதும்போது கண்ணில் படாத தவறு, கடிதமாக வந்து நிற்கும்போது பட்டுவிடுகிறது. அலுவலகத்திலும் இப்படித்தான், என் மேஜைக்கே திரும்பி வராத எந்தக் கடிதத்தையும் நான் வெளியே விட்டதில்லை.

உன் பெயர் மேலே எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் முகவரிக் கோப்பில் ‘ஆப்பரேட்டர்’ என்ற பெயருக்கு எதிரே என் முகவரியைப் போடுகிறேன். நிரலை மூடித் திறக்கிறேன். அனுப்பி, படித்து, திருத்துகிறேன். பிறகு அந்த இடத்தில் உன் முகவரியைத் திரும்பப் போட்டு, மறுபடி மூடித் திறந்து, உனக்கு அனுப்புகிறேன். திறக்கும்போதெல்லாம் அஞ்சல் பெட்டிக்கு அது தனியாகக் கடவுச்சொல் கேட்கிறது. இரண்டு மூன்று முறை தப்பாகத் தட்டிவிடுகிறேன். யாரோ வாசலில் நிறுத்தி வைத்து ‘நீ யார்’ என்று கேட்பது போல இருக்கிறது.

எழுத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டேன். வரிகளின் வலது பக்கம் வெட்டுப்பட்டுத் திரைக்கு வெளியே போய்விடுகிறது. பெயர் தெரிகிறது, அது போதும்.

நீ r அழுத்திப் பதில் எழுதச் சொல்லியிருந்தாய். அப்படிச் செய்தால் உன் பழைய தலைப்பிலேயே போகிறது. ஒரு பொருளுக்கு உரிய கோப்பில் இன்னொரு பொருளைச் சேர்ப்பது எனக்கு ஒவ்வாது. ஒவ்வொன்றையும் புதிதாகவே தொடங்குகிறேன்.

உன் கேள்விக்குப் பதில் தயாராகிக்கொண்டிருக்கிறது.

நான்


பிப்ரவரி 19
பொருள்: பெற்றுக்கொண்டேன்

வரைவு அலுவலர் அவர்களுக்கு,

பெற்றுக்கொண்டேன், பெற்றுக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். “மாமா பெரிய கம்பெனியில இருந்திருக்க வேண்டிய ஆளு, சோதனை பண்ணாம எதையும் வெளிய விடமாட்டேங்கறார்” என்று எழுதிக் காட்டுகிறார். கிண்டலா பாராட்டா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாராட்டுதான்.

இந்த மூடுவதும் திறப்பதும் வேண்டாம். நான் ஆப்பரேட்டராக இருந்த கம்ப்யூட்டர் மையத்து இயந்திரங்களை வருடக்கணக்கில் மூடியதில்லை. நிரல் பாட்டுக்குத் திறந்தே இருக்கட்டும். இரவும் பகலும் இருக்கட்டும், அது என்ன சோறா கேட்கப்போகிறது? கடவுச்சொல்லும் கேட்காது, நீங்களும் தப்பாகத் தட்ட வேண்டியதில்லை.

பதில் தயாராகிக்கொண்டிருக்கிறது என்கிறீர்கள். அடுப்பில் வைத்ததை அடிக்கடி திறந்து பார்த்தால் வேகாது. சீக்கிரம் இறக்குங்கள்.


பிப்ரவரி 24
பொருள்: உன் கேள்விக்கு என் பதில்

அன்புள்ள ஆப்பரேட்டருக்கு,

இது நான்காவது வரைவு. முதல் மூன்றிலும் ‘எனினும்’ என்ற சொல் அதிகமாக இருந்தது.

செய்துகொள். இதுதான் பதில். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். காரணம் சரியில்லை என்று உனக்குப் பட்டாலும், பதில் இதுதான்.

உன் காது போனதிலிருந்து நான் உன்னிடம் சிலேட்டில்தான் பேசுகிறேன். என்ன எழுதுகிறேன் என்று நீ போன பிறகு யோசித்துப் பார்த்தேன். மாத்திரை போட்டாயா. கேஸ் வந்துவிட்டது. குடை எடுத்துப் போ. தேவையானது மட்டும்தான். தேவையில்லாத ஒன்றைச் சொல்வதற்காக யாரும் சாக்பீஸ் எடுத்து, எழுதி, திருப்பிக் காட்டி, துடைப்பதில்லை.

முன்பு நான் எவ்வளவு பேசுவேன்? வெளியில் வாயே திறக்காதவன், வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவேன். எதிர்மாடிக் கொடியில் காயும் சட்டை, எங்கள் பழைய தலைமைப் பொறியாளர் கையை விரித்துக்கொண்டு கத்துவது போலவே இருக்கிறது என்பேன். நீ காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், “உளறாதீங்க” என்பாய். அந்த ஒரு சொல்லை வாங்குவதற்காகத்தான் அவ்வளவு உளறியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

நேற்றும் அந்தக் கொடியில் ஒரு சட்டை காய்ந்தது. நீ இங்கே இருந்திருந்தாலும் உனக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன். எழுதி முடிப்பதற்குள் சிரிப்பு போய்விடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் காதில் சத்தம் போனதோடு என் வாயில் இருந்ததும் போய்விட்டது.

இதுவரை ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கலாம். உனக்கு மிச்சம் இருப்பது என் குரல் ஒன்று. அதையும் விட்டுவிடு என்று நானே எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். நான் காதோடு பேசும்போது நீ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுகிறாய். ஒரு சொல்லும் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். அது உனக்குப் போதுமோ என்னவோ, எனக்குப் போதவில்லை. என் குரல் இயந்திரம் மாதிரி கேட்டால் கேட்கட்டும். உளறுவதைக் கேட்டாலே நான்தான் என்று கண்டுபிடித்துவிடுவாய்.

இது என் சுயநலம். உனக்கு நல்லது என்று எழுதினால் பொய்யாகிவிடும். எனக்கு வேண்டும், அதனால் கேட்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டு எழுதி எனக்குப் பழக்கமில்லை. வார்த்தை முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்.

நான்


பிப்ரவரி 27
பொருள்: மாதக் கடைசி

வரைவு அலுவலர் அவர்களுக்கு,

நாளையோடு மாதம் முடிகிறது. உங்களை அவசரப்படுத்தக் கூடாது என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். அவசரப்படுத்தினால் நீங்கள் முதல் வரிக்கே திரும்பிப் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

டாக்டர் ஒரு தேதி ஒதுக்கி வைத்திருக்கிறார். வேண்டுமா வேண்டாமா என்று சொன்னால் போதும். நீங்களும் ஒரு சொல் எழுதினால் போதும். வணக்கம், பொருள், இப்படிக்கு எதுவும் வேண்டாம்.

காத்திருக்கிறேன்.


பிப்ரவரி 28
பொருள்: முந்தைய கடிதம் தொடர்பாக

அன்புள்ள ஆப்பரேட்டருக்கு,

நீ நேற்று எழுதியது கிடைத்தது. என் 24ஆம் தேதிக் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். நீ எழுதியபோது அதைப் படித்திருக்கவில்லை என்று தோன்றுகிறது.

இருந்தாலும் சரிபார்த்துவிட்டேன். முகவரிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். உன் பெயருக்கு எதிரே உன் முகவரிதான் இருக்கிறது. கடிதங்களின் வரிசையிலும் ‘ஆப்பரேட்டருக்கு’ என்று அந்தத் தேதியில் இரண்டு கடிதம் நிற்கின்றன. முதலாவது நான் எனக்கு அனுப்பிப் பார்த்தது. இரண்டாவது உனக்குப் போனதன் நகல். நமக்கும் ஒரு நகல் வந்து நிற்பது நல்ல ஏற்பாடு. மனம் நிம்மதியாக இருக்கிறது. போய்ச் சேர்ந்ததாகத் தெரிகிறது.

நீ யோசிக்க நேரம் எடுத்துக்கொள். நான் எழுதியது உன்னைக் கட்டாயப்படுத்துவது போல இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். இல்லை, பொருட்படுத்து.

நான்


மார்ச் 2
பொருள்: முடிந்தது

நேற்று டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தேதி ஒரு பேருந்து ஓட்டுநருக்குப் போய்விட்டது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மகள் உங்களுக்குப் போன் செய்கிறேன் என்று போனை எடுத்தாள். நான்தான் பிடுங்கி வைத்தேன். “உங்கப்பாவுக்கு எழுத வரும். எழுத வேண்டாம்னு இருக்கார்” என்றேன். அவள் என்னவோ எழுதிக் காட்ட வந்தாள். நான் பார்க்கவில்லை. காது கேட்காததில் இது ஒரு வசதி, முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்.

உங்கள் மேல் கோபம் இல்லை. ‘உன் விருப்பம்’ என்று எழுதிவிட்டீர்கள். அதற்கு மேல் எழுத உங்களிடம் ஒன்றும் இல்லை என்பதை நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் ஊர் திரும்புகிறேன். சிலேட்டே போதும். நமக்குள் அவ்வளவு பேச்சு மிச்சமில்லை.


மார்ச் 2
பொருள்: பதில்: முடிந்தது

நான் எழுதினேன். 24ஆம் தேதியே எழுதினேன். 28ஆம் தேதியும் எழுதினேன். இரண்டும் என் வரிசையில் இருக்கின்றன. உன் பெயரோடு இருக்கின்றன. உனக்கு வரவில்லையா? செய்துகொள் என்றுதான் எழுதினேன். அதுதான் என் பதில். டாக்டரிடம் போய்ச் சொல். ஓட்டுநருக்குக் கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும், வேறு நாள் கேள். கை ஓடவில்லை. புதிதாகத் தொடங்கப் பொறுமை இல்லாமல் r அழுத்திவிட்டேன். இது வருகிறதா?


மார்ச் 3
பொருள்: பதில்: பதில்: முடிந்தது

இது வந்தது. 19ஆம் தேதிக்குப் பிறகு உங்களிடமிருந்து வந்த ஒரே கடிதம் இது.

முதலில் வேலையை முடித்துக்கொள்வோம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுதினால் எனக்கும் கை ஓடாது.

அந்த 24ஆம் தேதிக் கடிதத்தின் மேல் நின்று Enter அழுத்துங்கள். எழுத்தைச் சின்னதாக்குங்கள். கண் வலித்தாலும் ஒரே ஒரு நிமிடம். மேலே ‘ஆப்பரேட்டர்’ என்ற பெயரை அடுத்து, திரைக்கு வெளியே போயிருந்த இடத்தில் யார் முகவரி இருக்கிறது என்று பாருங்கள்.

உங்களுடையது. சரிதானே?

முகவரிக் கோப்பை நீங்கள் ஒழுங்காகத் திருத்தித்தான் வைத்தீர்கள். ஆனால் நிரல் அந்தக் கோப்பைத் திறக்கும்போது ஒருமுறைதான் படிக்கும். அதற்குப் பிறகு நீங்கள் கோப்பில் என்ன மாற்றினாலும், மூடித் திறக்கிறவரை அதற்குத் தெரியாது. நீங்கள் மூடித் திறந்துகொண்டிருந்தவரை எல்லாம் சரியாகவே நடந்தது. என் யோசனை கிடைத்த நேரத்தில், வரைவைச் சோதிக்க உங்கள் முகவரியைப் போட்டுத் திறந்து வைத்திருந்திருப்பீர்கள், அதோடேயே நின்றுவிட்டது. மூடாதீர்கள் என்று சொன்னது யார்? நான். உங்களுடைய முறையை அப்படியே விட்டிருந்தால் 24ஆம் தேதியே வந்திருக்கும். ஊருக்கெல்லாம் அமைத்துக் கொடுத்த ஆப்பரேட்டர் சொன்ன யோசனை.

r போட்டால் என் கடிதத்திலிருந்தே என் முகவரியை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இது மட்டும் வந்தது.

இனி இதைச் செய்யுங்கள். q அழுத்தி மூடுங்கள். திறங்கள். கடவுச்சொல்லை மெதுவாகத் தட்டுங்கள், யாரும் துரத்தவில்லை. பிறகு 24ஆம் தேதிக் கடிதத்தின் மேல் நின்று b அழுத்துங்கள். யாருக்கு என்று கேட்கும். என் முகவரியை முழுதாகத் தட்டுங்கள். b என்றால், வந்த கடிதத்தைப் பிரிக்காமல், திருத்தாமல், அப்படியே மறுபடி அனுப்பிவிடும். 28ஆம் தேதிக் கடிதத்தையும் அப்படியே செய்யுங்கள்.

திருத்தாமல் என்பதைக் கவனியுங்கள். இன்னொரு வரைவு எனக்கு வேண்டாம்.


மார்ச் 4
பொருள்: பதில்: உன் கேள்விக்கு என் பதில்

என்னங்க,

இரண்டும் வந்தன. நீங்கள் எழுதிய தேதியோடேயே வந்தன.

மகள் சமையலறையிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளைத் தேடி எடுத்து, ‘என்னம்மா ஆச்சு?’ என்று எழுதினாள். “உங்கப்பா உளர்றார்” என்றேன். அவள் பயந்துபோய் உங்களுக்குப் போன் செய்தாள். நீங்கள் எடுத்து நன்றாக இருக்கிறேன் என்று சொன்னீர்களாம். நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

என் விருப்பம் எனக்குத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? எனக்கும் செய்துகொள்ளத்தான் ஆசை. ஆனால் ஒரு பயம் இருந்தது. கத்திக்கு இல்லை. நீங்கள் அந்த வீட்டில் பேசாமல் இருக்கப் பழகிவிட்டீர்கள் என்று நினைத்தேன். முன்பெல்லாம் நீங்கள் வாயை அசைத்துக்கொண்டே வளைய வருவீர்கள், அது பார்க்கவாவது கிடைத்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. இவ்வளவு செலவும் வலியும் பட்டுக் காது திரும்பி வந்து, வீட்டில் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனால்? கடிகாரத்தையும் குழாயையும் கேட்டுக்கொண்டிருக்க எதற்கு இன்னொரு காது? அதனால்தான் உங்களைக் கேட்டேன். அதைச் சொல்லாமல் கேட்டது என் பிடிவாதம்.

காலையில் டாக்டரிடம் போனோம். முகத்தைச் சுளித்துக்கொண்டே அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி கொடுத்தார். பேருந்து ஓட்டுநருக்கு நேற்று முடிந்துவிட்டது. தலையில் கட்டோடு அவரும் மனைவியும் சாடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்புகிறேன் என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஒரு வாரம் முன்னதாகவே இங்கே வாருங்கள். மிச்சம் இருப்பது போவதற்குள், என் இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள். நிறைய. எனக்கு ஒரு சொல்லும் புரியாது, அதனால் எது வேண்டுமானாலும் சொல்லலாம், என்னைத் திட்டினாலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். எனக்கு அந்தக் குரல் வேண்டும், போகிறவரைக்கும். அதற்குப் பிறகு சொல்லை வாங்கிக்கொள்கிறேன்.

தனியாகப் பேருந்தில் வர உங்களுக்குப் பயம் என்று தெரியும். மாப்பிள்ளை வந்து அழைத்து வருகிறேன் என்கிறார்.


மார்ச் 6
பொருள்: பதில்: பதில்: உன் கேள்விக்கு என் பதில்

அன்புள்ள உனக்கு,

மாப்பிள்ளை வர வேண்டாம். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜன்னல் ஓரம். முன்பதிவு செய்கிறவர் “போகிறதுக்கு மட்டுமா, திரும்பவுமா?” என்று கேட்டார். என் மனைவிக்குக் காது சரியான பிறகு இரண்டு பேராகத் திரும்புவோம், அது எந்தத் தேதி என்று தெரியாது என்று சொன்னேன். கேட்டதற்கு மேல் சொல்லிவிட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். பரவாயில்லை.

வீட்டில் சத்தமாகப் பேசிப் பழகிப் பார்க்கிறேன். குரல் இரண்டு வருடம் உபயோகிக்காத குழாய் போல இருமிக்கொண்டு வருகிறது. நேற்று எதிர்மாடிச் சட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஜெராக்ஸ் கடைக்காரர் கதவைத் தட்டினார். “யாராவது வந்திருக்காங்களா சார்?” என்றார். இல்லை, இனிமேல்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஒரு வாரத்துக்கு என்ன பேசுவது என்று குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். எண் ஒன்று என்று போட்டேன். பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். பிறகு அந்தத் தாளை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன். இப்போது மேஜை ஆடவில்லை.

என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. தெரியாமல்தான் வருகிறேன். உன் இடது பக்கம் ஒரு நாற்காலி போட்டு வை.